நெஞ்சுச் சளியை வெளியேற்ற எந்த வழி: மூச்சுப் பயிற்சியா, தட்டுவதா, ஊது கருவியா, நெபுலைசரா?

வேலூர், காட்பாடி, குடியாத்தம் பக்கத்து வீடுகளுக்குப் போய் நாள்பட்ட நுரையீரல் நோயாளிகளுக்கு மூச்சுப் பயிற்சி சொல்லிக்கொடுக்கும் பிசியோதெரபிஸ்ட் நான். போகிற இடமெல்லாம் வரும் கேள்வி இது: "அப்பாவுக்கு நெஞ்சுல சளி கட்டிக்கிட்டே இருக்கு. நெபுலைசர் வாங்கலாமா, அந்த ஊதுற மிஷின் வாங்கலாமா, இல்ல முதுகுல தட்டினாலே போதுமா?" கேட்பவர்களில் பாதிப்பேர் ஏற்கெனவே ஏதோ ஒன்றை வாங்கி, பத்து நாள் பயன்படுத்தி, அலமாரி மேல் வைத்திருப்பார்கள். அடுத்ததை வாங்குவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

முதலில் யாருக்கு இது தேவை என்று பார்ப்போம். மூச்சுக்குழாய்கள் நிரந்தரமாக விரிந்து தளர்ந்துபோகும் பிராங்கியெக்டாசிஸ் நோயாளிகளுக்குச் சளி வெளியேற்றம் தினசரி வேலை. குழாயின் உட்சுவரில் இருக்கும் நுண்ணிய மயிரிழைகள்தான் சளியை மேலே தள்ளுகின்றன. அவை அழிந்தபின் சளி தேங்குகிறது, தேங்கிய சளியில் கிருமி வளர்கிறது, கிருமி குழாயை இன்னும் அரிக்கிறது. நம் நாட்டில் இதற்கு முதல் காரணம் காசநோய். 2195 நோயாளிகளைக் கொண்ட இந்தியப் பதிவேட்டில் 35.5 சதவீதம் பேருக்கு டி.பி.க்குப் பிறகுதான் இது வந்திருந்தது. மாத்திரை முடித்து, டி.பி. ஆறி, பத்து வருடம் கழித்தும் காலையில் அரை டம்ளர் சளி துப்புகிறவர்கள் இவர்கள்தான்.

இன்னொரு கூட்டம் சி.ஓ.பி.டி. நோயாளிகள், அதாவது மூச்சுக்குழாய் குறுகி நாள்பட்ட மூச்சுத்தடை உள்ளவர்கள். வருடக்கணக்கில் பீடி பிடித்த ஆண்களும், விறகடுப்புப் புகையில் சமைத்த பெண்களும் இதில் அதிகம். இவர்களில் சளி நிறைய வருபவர்களுக்கு இந்தப் பயிற்சிகள் உதவும். மூச்சிரைப்பு மட்டும் இருந்து சளி அதிகம் இல்லாதவர்கள் தினமும் தட்டிக்கொண்டும் ஊதிக்கொண்டும் இருக்கத் தேவையில்லை. அவர்களுக்குப் பஃப் (இன்ஹேலர்) மருந்தும் நடையும்தான் முக்கியம்.

## எதை வைத்து முடிவெடுப்பது

எந்த முறை அதிகச் சளியை எடுக்கும் என்பதைத்தான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். பல முறைகளை ஒப்பிட்டு ஆய்வுகள் செய்திருக்கிறார்கள். ஒழுங்காகச் செய்தால் ஒன்றைவிட மற்றொன்று தெளிவாக மேல் என்று எதுவும் நிரூபணமாகவில்லை. அதனால் முடிவு வேறு விஷயங்களில் இருக்கிறது.

தனியாகச் செய்ய முடியுமா? மகன் சென்னையில், மகள் ஓசூரில், வீட்டில் இரண்டு வயதானவர்கள் மட்டும். நம் பக்கம் பாதி வீடு இப்படித்தான். இன்னொருவர் கை தேவைப்படும் முறை அங்கே ஒரு மாதத்துக்கு மேல் ஓடாது.

வாங்கிய பிறகு ஆகும் செலவும் வேலையும் எவ்வளவு? கருவி ஒருமுறைச் செலவுதான். அதைத் தினமும் கழுவ வேண்டும், காய வைக்க வேண்டும், தேய்ந்த பாகத்தை மாற்ற வேண்டும்.

உடம்பு தாங்குமா? சளியில் ரத்தம், உயர் ரத்த அழுத்தம், நெஞ்செரிச்சல், எலும்புத் தேய்மானம், இதய நோய் எல்லாம் சில முறைகளைத் தடுத்துவிடும்.

சளி எப்படிப்பட்டது? கட்டியாக ஒட்டிக்கொண்டு வராத சளிக்கும், நிறைய இருந்து சுலபமாக வரும் சளிக்கும் தேவை வேறு.

அடுத்த வருடமும் செய்வீர்களா? எனக்கு இதுதான் எல்லாவற்றையும்விட முக்கியம். முதல் வாரம் எல்லோரும் செய்கிறார்கள். ஐப்பசி மழையில், சித்திரை வெயிலில், கல்யாண வீட்டுக்குப் போன இடத்தில் செய்கிறார்களா என்பதுதான் நுரையீரலைக் காப்பாற்றும்.

| முறை | துணை வேண்டுமா | செலவு | மின்சாரம் | முக்கிய எச்சரிக்கை |
|---|---|---|---|---|
| சுழற்சி மூச்சுப் பயிற்சி | வேண்டாம் | இல்லை | வேண்டாம் | கற்றுக்கொள்ள நேரம் பிடிக்கும் |
| சாய்த்துப் படுக்கவைத்துத் தட்டுதல் | வேண்டும் | இல்லை | வேண்டாம் | ரத்தச் சளி, நெஞ்செரிச்சல், எலும்புத் தேய்மானம் |
| அதிர்வு தரும் ஊது கருவி | வேண்டாம் | சில ஆயிரம் | வேண்டாம் | ரத்தச் சளி, நுரையீரல் காற்றுக்கசிவு |
| உப்புநீர் நெபுலைசர் | பெரும்பாலும் வேண்டாம் | கருவியும் மாத மருந்தும் | வேண்டும் | மூச்சுக்குழாய் சுருங்கலாம் |
| சளி இளக்கும் மருந்து | வேண்டாம் | மாதாமாதம் | வேண்டாம் | வயிற்றுப் புண் |
| அதிர்வு ஜாக்கெட் | தொடக்கத்தில் | லட்சக் கணக்கில் | வேண்டும் | விலை, ரத்தச் சளி |

## சுழற்சி மூச்சுப் பயிற்சி

என் வாக்கு முதலில் இதற்குத்தான். காசு வேண்டாம், கரண்ட் வேண்டாம், பேருந்தில் உட்கார்ந்துகூடச் செய்யலாம். மூன்று பகுதிகள் மாறி மாறி வரும்.

முதலில் அமைதியான மூச்சு. தோளைத் தளர்த்தி, வயிறு மெல்ல எழுந்து இறங்கும்படி அரை நிமிடம். அப்புறம் மூன்று நான்கு ஆழ்ந்த மூச்சு. ஒவ்வொன்றையும் உள்ளே இழுத்து இரண்டு மூன்று விநாடி நிறுத்தி, சும்மா விட வேண்டும். அந்த நிறுத்தத்தில்தான் வேலை நடக்கிறது: காற்று பக்கவழியாகப் புகுந்து சளிக்குப் பின்னால் போய்ச் சேர்கிறது. மறுபடி அமைதியான மூச்சு. அதன்பின் 'ஹஃப்'.

ஹஃப் என்பது இருமல் இல்லை. கண்ணாடியைத் துடைப்பதற்கு முன் வாயைத் திறந்து 'ஹா' என்று ஆவி விடுவோமே, அதுபோல, ஆனால் வயிற்றை இறுக்கி, நீளமாக. முதலில் நடுத்தர மூச்சு இழுத்து நீண்ட ஹஃப். ஆழத்தில் இருக்கும் சளி அதில் நகரும். தொண்டைப் பக்கம் களகளவென்று சத்தம் வந்ததும் பெரிய மூச்சு இழுத்துக் குறுகிய ஹஃப். கடைசியில் ஒரே ஒரு இருமல், துப்பிவிடுங்கள்.

இதை ஏன் இவ்வளவு விரித்துச் சொல்கிறேன் என்றால், பத்து நிமிடம் விடாமல் இருமிக் களைத்துப்போகிறவர்களைத்தான் தினமும் பார்க்கிறேன். தளர்ந்த மூச்சுக்குழாய் பலத்த இருமலில் நசுங்கி மூடிக்கொள்ளும். சளி அங்கேயே நின்றுவிடும், விலா மட்டும் வலிக்கும். ஹஃபில் தொண்டை திறந்தே இருப்பதால் குழாய் அவ்வளவாக மூடுவதில்லை.

குடியாத்தம் பக்கம் வீட்டிலேயே பீடி சுற்றும் ஓர் அம்மாவுக்கு இதைக் கற்றுக்கொடுத்தேன். 'ஹா' என்று சொல்லச் சொன்னால் அவருக்குத் தொண்டையில் மட்டும் சத்தம் வந்தது, வயிறு அசையவே இல்லை. ஒரு கையை வயிற்றில் வைத்துக்கொள்ளச் சொல்லி, முகம் பார்க்கும் கண்ணாடியை வாய்க்கு முன் பிடித்தேன். கண்ணாடி முழுக்க மங்கும்வரை விடாமல் ஊதச் சொன்னதும் பிடித்துக்கொண்டார். இப்போது மடியில் முறத்தை வைத்துக்கொள்வதற்கு முன் காலையில் அதை முடித்துவிடுகிறார்.

மறைவான செலவு ஒன்று உண்டு: கற்றுக்கொள்ளும் நேரம். வீடியோ பார்த்துச் செய்பவர்கள் பெரும்பாலும் ஹஃபைத் தவறாகச் செய்கிறார்கள். தெரிந்த ஒருவர் முன் இரண்டு மூன்று தடவை செய்து காட்டித் திருத்திக்கொள்ள வேண்டும். மறதி நோய் உள்ளவர்களுக்கும், மிகவும் சோர்ந்து படுக்கையில் இருப்பவர்களுக்கும் இது சரிப்படாது.

## சாய்த்துப் படுக்கவைத்துத் தட்டுதல்

பழைய முறை. சளி தேங்கிய பகுதி மேலே வரும்படி படுக்கவைத்து, குழித்த கையால் முதுகிலும் விலாவிலும் தட்டுவது. பயிற்சியைக் கற்றுக்கொள்ள முடியாத குழந்தைகளுக்கும், படுக்கையோடு இருப்பவர்களுக்கும் இன்றும் இதுதான் கைகொடுக்கிறது. வீட்டில் பொறுமையான கை ஒன்று இருந்தால் நோயாளிக்கு இதமாகவும் இருக்கும்.

ஆனால் தலையைக் கீழே சாய்ப்பதில் எச்சரிக்கை வேண்டும். கட்டிலின் கால்மாட்டில் செங்கல் வைத்து உயர்த்துவது பல வீடுகளில் நடக்கிறது. நெஞ்செரிச்சல் உள்ளவருக்கு அமிலம் மேலேறி நுரையீரலுக்குள்ளேயே போகலாம். உயர் ரத்த அழுத்தம், இதயச் செயலிழப்பு, மோசமான மூச்சிரைப்பு உள்ளவர்களுக்கும் தலைகீழ் சாய்வு கூடாது. பெரும்பாலோருக்குத் தட்டையாக ஒருக்களித்துப் படுப்பதே போதும். நடுவில் தொய்ந்த கயிற்றுக் கட்டில் இதற்கு ஆகாது. தரையில் பாய் விரித்துப் படுக்கவைப்பது மேல்.

எலும்பு மெலிந்த பாட்டிகளைத் தட்டவே வேண்டாம், விலா முறிந்துவிடலாம். வெறும் உடம்பில் தட்டாமல் மெல்லிய துணி போட்டுத் தட்டுங்கள். முதுகெலும்பு, மார்பகம், சிறுநீரகப் பகுதி மேல் கை படக் கூடாது. சாப்பிட்ட உடனே செய்யாதீர்கள், இரண்டு மணி நேரமாவது போகட்டும்.

இதன் உண்மையான விலை தட்டுபவரின் நேரம்தான். காலை ஆறு மணிக்கு ஷூ கம்பெனி பஸ் பிடிக்கும் மருமகளால் இரண்டு வேளையும் தட்ட முடியாது. முடியாமல் போகும்போது வீட்டில் மனக்கசப்பு வருவதையும் பார்த்திருக்கிறேன்.

## அதிர்வு தரும் ஊது கருவிகள்

ஃப்ளட்டர், அக்காபெல்லா, ஏரோபிகா என்ற பெயர்களில் வருபவை. வாயில் வைத்து ஊதும்போது கருவி எதிர்த்துத் தடுக்கும், கூடவே காற்றை நடுங்கவைக்கும். தடுப்பினால் குழாய்கள் மூடாமல் இருக்கும், நடுக்கத்தால் ஒட்டிய சளி விடுபடும். வழக்கத்தைவிடச் சற்றுப் பெரிய மூச்சு இழுத்து, இரண்டு மூன்று விநாடி நிறுத்தி, கன்னம் உப்பாமல் சீராக ஊதவேண்டும். பத்து மூச்சுக்கு ஒருமுறை ஹஃப். ஹஃப் தெரியாமல் கருவியை மட்டும் ஊதினால், விடுபட்ட சளி உள்ளேயே கிடக்கும்.

ஃப்ளட்டரில் ஓர் இரும்புக் குண்டு உருளும். சரியான கோணத்தில் நிமிர்த்திப் பிடித்தால்தான் வேலை செய்யும். படுத்துக்கொண்டு செய்ய வேண்டியவர்களுக்கும் கை நடுக்கம் உள்ளவர்களுக்கும் அக்காபெல்லா வகை வசதி, அதற்குக் கோணம் பொருட்டில்லை.

அடிக்கடி மூச்சுப் பயிற்சியை மறந்துவிடுபவர்களுக்கும், 'ஏதாவது கையில் இருந்தால் செய்வேன்' என்பவர்களுக்கும் இது நல்ல தேர்வு. காது வலி, சைனஸ் அறுவை, அண்மையில் நுரையீரலில் காற்றுக்கசிவு (நுரையீரலிலிருந்து காற்று கசிந்து நெஞ்சுக்கூட்டில் சேர்வது) இருந்தால் டாக்டரைக் கேட்காமல் வாங்காதீர்கள்.

நம் ஊருக்கே உரிய தொல்லை தண்ணீர். பாலாற்றங்கரைப் போர்த்தண்ணீரின் உப்பும் கடினமும் தெரிந்ததுதான். அதில் கழுவிய கருவியின் உள்ளே வெள்ளைப் படிவு கட்டி, அதிர்வு மந்தமாகிவிடும். குடிக்கும் தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆறவைத்துக் கழுவுங்கள். உதறி, சுத்தமான துணி மேல் காற்றாட வைத்து முழுதும் காய்ந்தபின் மூடி வையுங்கள். ஈரத்தோடு டப்பாவில் போட்டால் கிருமி அதில் குடியேறி, அதைத்தான் மறுநாள் ஊதுவீர்கள்.

மூன்று பந்துக் கருவி இது இல்லை. மருந்துக் கடையில் 'மூச்சுப் பயிற்சிக் கருவி' என்று கேட்டால் பெரும்பாலும் மூன்று பந்து உள்ள பிளாஸ்டிக் பெட்டியைத்தான் எடுத்துத் தருகிறார்கள். அது அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு நுரையீரல் சுருங்காமல் இருக்க, மூச்சை உள்ளே இழுத்துப் பந்தை எழுப்புவதற்கானது. சளியை வெளியேற்ற அது செய்யப்படவில்லை. அதை வெளியே ஊதிக்கொண்டிருப்பவர்களை இன்னும் பார்க்கிறேன். சளிக்காக என்று அதை வாங்க வேண்டாம்.

## உப்புநீர் நெபுலைசர்

நெபுலைசர் என்பது திரவ மருந்தை மூச்சில் இழுக்கும் நுண்துளிகளாக்கும் வெறும் கருவி. அதில் என்ன ஊற்றுகிறோம் என்பதே கேள்வி. பல வீடுகளில் போகும் மருந்து மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்து, அது மூச்சிரைப்புக்கு. சளியை இளக்க உப்புநீர் வேறு: சாதாரண 0.9 சதவீதம், அடர்த்தியான 3 சதவீதம், 7 சதவீதம். அடர்ந்த உப்புநீர் குழாய்ச் சுவரிலிருந்து நீரை இழுத்துச் சளியைத் தளர்த்துகிறது. கோந்துபோல ஒட்டி, எவ்வளவு ஹஃப் செய்தும் வராத சளி உள்ளவர்களுக்கு மற்ற பயிற்சியோடு சேர்த்து இதை முயன்று பார்க்கலாம்.

அடர்ந்த உப்புநீர் சிலருக்கு மூச்சுக்குழாயைச் சுருக்கிவிடும். அதனால் முதல் தடவை மருத்துவமனையில், முன்னும் பின்னும் ஊதிப் பார்த்து அளந்துதான் தொடங்க வேண்டும். கடையில் வாங்கி வீட்டிலேயே தொடங்குவது ஆபத்து. சமையல் உப்பைக் கரைத்து ஊற்றுவது அதைவிட ஆபத்து.

செலவைக் கூட்டிப் பாருங்கள்: கருவி, மாதாமாதம் உப்புநீர்ச் சிமிழ்கள், மாஸ்க், குழாய், மாற்ற வேண்டிய வடிகட்டி. ஒவ்வொரு வேளையும் பத்துப் பதினைந்து நிமிடம், அதன்பின் கழுவும் நேரம். கரண்ட் போனால் நின்றுவிடும். பேட்டரியில் ஓடுவது வேண்டுமானால் விலை கூடும்.

2025இல் வெளியான பிரிட்டன் ஆய்வு ஒன்றில் பிராங்கியெக்டாசிஸ் நோயாளிகளுக்கு அடர்ந்த உப்புநீரும் கார்போசிஸ்டீன் மருந்தும் ஓராண்டு கொடுத்துப் பார்த்தார்கள். நோய் முற்றித் திடீரென மோசமாகும் தடவைகளை இரண்டுமே குறிப்பிடத்தக்க அளவு குறைக்கவில்லை. சிலருக்குச் சளி சுலபமாக வருகிறது என்பது வேறு விஷயம். ஆனால் பயிற்சியை விட்டுவிட்டு நெபுலைசரை மட்டும் நம்புவதற்கு இதில் ஆதாரம் இல்லை.

## மருந்தும் கஷாயமும் ஆவியும்

அம்ப்ராக்ஸால், புரோம்ஹெக்ஸின், அசிட்டைல்சிஸ்டீன், கார்போசிஸ்டீன் எல்லாம் சளி இளக்கிகள். சி.ஓ.பி.டி. நோயாளிகள் சிலருக்கு நோய் முற்றும் தடவைகள் குறையலாம். வயிற்றுப் புண் இருந்தால் டாக்டரிடம் சொல்லாமல் எடுக்கக் கூடாது. இருமலை அடக்கும் சிரப்பைச் சளி நிறைய வருபவர்கள் குடிக்கவே கூடாது. சளி உள்ளேயே தங்கிவிடும்.

ஆடாதோடைக் கஷாயத்தைப் பற்றிக் கேட்பார்கள். புரோம்ஹெக்ஸின் மருந்தே ஆடாதோடையில் உள்ள வாசிசின் என்ற பொருளை அடியொற்றி உருவானதுதான். தூதுவளை ரசமும் கற்பூரவள்ளியும் இதமாக இருந்தால் சாப்பிடுங்கள், பஃபை நிறுத்திவிட்டு அல்ல. கர்ப்பிணிகள் ஆடாதோடையைத் தவிர்க்க வேண்டும்.

ஆவி பிடிப்பது மூக்கடைப்பை இளக்கும். நுரையீரலின் அடிக்கு அது எட்டுவதில்லை. கொதிக்கும் சட்டி கவிழ்ந்து தொடை வெந்த முதியவர்களை நினைத்தால், நான் அதைச் சிபாரிசு செய்ய மாட்டேன். கற்பூரம், தைலம் போட்டால் சிலருக்கு வீசிங் கிளம்பும்.

நெஞ்சைச் சுற்றிக் கட்டிக் குலுக்கும் அதிர்வு ஜாக்கெட்டைப் பற்றி நீண்டு பேச வேண்டியதில்லை. லட்சக் கணக்கில் விலை, கரண்ட், பராமரிப்பு. கைகால் பலமில்லாத இளம் நோயாளிக்கு நிபுணர் எழுதிக்கொடுத்தால் யோசிக்கலாம். மற்றவர்கள் அந்தப் பணத்தைச் சத்தான சாப்பாட்டுக்கும் தடுப்பூசிக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

நடை மட்டும் தனி. வேகமாக நடக்கும்போது மூச்சு ஆழமாகி, சளி தானாகவே நகரும். கோட்டை அகழி ஓரமாகக் காலையில் நடப்பவர்கள் திரும்பி வந்ததும் ஹஃப் செய்தால் பாதி வேலை முடிந்திருக்கும். மே மாத வெயிலில் ஆறு, ஆறரை மணிக்குள் முடித்துவிடுங்கள். தண்ணீர் குடிப்பதில் தடை ஏதும் டாக்டர் சொல்லாவிட்டால் நன்றாகக் குடியுங்கள்.

## உங்கள் வீட்டுக்கு எது

தனியாக இருக்கிறீர்கள், நினைவு தெளிவு, சளி ஓரளவு வருகிறது: சுழற்சி மூச்சுப் பயிற்சி. வேறெதுவும் வாங்க வேண்டாம்.

ஒரு மாதம் ஒழுங்காகச் செய்தும் சலிப்பு வருகிறது, அல்லது சளி போதுமான அளவு வரவில்லை: ஊது கருவியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வாங்கும் முன் பிசியோதெரபி பிரிவில் ஒன்றை வைத்துப் பழகிப் பாருங்கள்.

சளி கட்டியாக ஒட்டுகிறது, அடிக்கடி ஆன்டிபயாடிக் தேவைப்படுகிறது: உப்புநீரைப் பற்றி நுரையீரல் டாக்டரிடம் கேளுங்கள்.

படுக்கையோடு இருப்பவர், குழந்தை: ஒருக்களித்துப் படுக்கவைத்துத் தட்டுவது, முறையாகக் கற்றுக்கொண்டு. வீட்டை விட்டு வர முடியாதவர்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மக்களைத் தேடி மருத்துவம் பற்றிக் கேளுங்கள். 2021இல் தொடங்கிய அத்திட்டத்தில் வீட்டிற்கே வரும் பிசியோதெரபியும் உண்டு.

எந்த முறையானாலும் வரிசை முக்கியம். மூச்சுக்குழாயை விரிக்கும் பஃபை எடுத்துக் கால் மணி நேரம் கழியட்டும். உப்புநீர் இருந்தால் அடுத்து அது. அப்புறம் பயிற்சி, பத்து நிமிடத்துக்குக் குறையாமல், அரை மணிக்கு மேல் போகாமல். தொடர்ந்து இரண்டு ஹஃபில் சளிச் சத்தம் இல்லை என்றால் நிறுத்திவிடலாம். களைத்துப்போனாலும் நிறுத்துங்கள். ஸ்டீராய்டு பஃப் கடைசியில். சளி போன குழாயில்தான் அது படியும். எடுத்ததும் வாய் கொப்பளியுங்கள்.

## எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குப் போக வேண்டியது எப்போது

சளியில் புதிதாக ரத்தம் வந்தால் தட்டுவதையும் ஊது கருவியையும் உப்புநீரையும் அன்றே நிறுத்துங்கள். கோடு கோடாக வந்தால் அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள். வாய் நிறைய வந்தால் 108ஐ அழையுங்கள். எந்தப் பக்க நுரையீரல் கெட்டது என்று தெரிந்தால் அந்தப் பக்கம் கீழே இருக்கும்படி ஒருக்களித்துப் படுக்கவையுங்கள்.

சளி திடீரென அதிகமானாலோ, நிறம் பச்சையாக மாறினாலோ, காய்ச்சலோ குளிரோ வந்தாலோ, வழக்கமாகப் பேசும் நீளத்துக்குப் பேச முடியாமல் மூச்சு வாங்கினாலோ காத்திருக்காதீர்கள். நெஞ்சில் ஒரு பக்கம் சுருக்கென்று குத்தி மூச்சு முட்டினால் காற்றுக்கசிவாக இருக்கலாம், அது அவசரம். டி.பி. முன்பு வந்து ஆறியிருந்தாலும், இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் புதிதாக மோசமாகி எடையும் குறைந்தால் மறுபடியும் சளிப் பரிசோதனை செய்ய வேண்டும். அரசு மருத்துவமனைகளில் அது இலவசம். காலையில் எழுந்ததும் வாயைத் தண்ணீரில் கொப்பளித்துவிட்டு, ஹஃப் செய்து ஆழத்திலிருந்து வரும் சளியை அவர்கள் தரும் டப்பாவில் கொண்டுபோங்கள். எச்சிலைக் கொடுத்தால் பரிசோதனையில் எதுவும் தெரியாது.